பணத்தொழிலில் பெண்களின் மௌனம்

உத்தியோகம் பார்க்கும் ஸ்திரீகளுக்கு வேலை ஸ்தலத்தில் மானபங்கம் நேரிடாமல் பாதுகாப்பதற்கென்று நமது பார்லிமெண்டு 2013-ம் வருஷத்தில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வருஷம் டிசம்பர் 9-ந் தேதியன்று அது அமலுக்கு வந்தது. அதற்கு முன்னரே 1997-ம் வருஷம் ஆகஸ்டு 13-ந் தேதி, விசாகா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் இவ்விஷயத்தில் விதிகள் வகுத்து, சட்டம் இயற்றப்படும் வரையில் அவையே சட்டமாகும் என்று தீர்ப்பளித்திருந்தனர். ஆகவே, கால் நூற்றாண்டுக்கு மேலாகவே இத்தேசத்துப் பெண்களுக்குப் புகார் செய்ய வழி இருந்து வருகிறது. ஆயினும் பாங்கிகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், பங்கு மார்க்கெட் தரகர்களின் காரியாலயங்கள், கடன் கொடுக்கும் கம்பெனிகள் முதலிய பணத்தொழில் ஸ்தாபனங்களில் இத்துன்பத்துக்கு ஆளாகும் பெண்கள் அந்த வழியில் காலெடுத்து வைக்கத் தயங்குகிறார்கள். படித்தவர்கள், போட்டிப் பரீட்சையில் தேறியவர்கள், கோடிக்கணக்கான ரூபாய்க்குக் கடன் உத்தரவில் கையெழுத்திடும் அதிகாரம் படைத்தவர்கள்கூடத் தங்களுக்கு நேர்ந்த அவமானத்தைப் பற்றிப் பேச அஞ்சுவானேன்? இதை ஆராய்வது அவசியமாகிறது.

பெண்களுக்கு இயல்பாகவுள்ள கூச்சமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட்டு அப்பால் நகர்ந்து விடுவோர் உண்டு. இதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. கடன் பாக்கிதாரனிடம் நேருக்கு நேர் நின்று வாதாடிப் பணத்தை வசூலித்து வரும் பெண்ணுக்குத் தன் விஷயத்தில் மட்டும் திடீரென்று கூச்சம் வந்துவிடுவதில்லை. பணத்தொழிலில் இருப்பவர்கள் எதையும் லாப நஷ்டக் கணக்குப் பார்த்தே செய்யப் பழகியவர்கள். துன்பத்துக்குள்ளான பெண்ணும் கணக்குப் போட்டுப் பார்க்கிறாள். புகார் செய்தால் தனக்கு என்ன நேரும், செய்யாவிட்டால் என்ன நேரும் என்று இரண்டையும் நிறுத்துப் பார்க்கிறாள். தராசு மௌனத்தின் பக்கமே சாய்கிறது. தராசை அவ்விதம் அமைத்து வைத்திருப்பவர்கள் யார் என்பதே கேள்வி.

இவ்விஷயத்தில் ஒரு வழக்கு கவனிக்கத்தக்கது. பஞ்சாப் அண்டு ஸிந்த் பாங்கியின் இந்தூர் கிளையில் நான்காவது அந்தஸ்திலுள்ள பிரதம மானேஜராக இருந்தார் ஒரு பெண் அதிகாரி. கிளையில் மது கண்டிராக்டர்களின் கணக்குகள் சம்பந்தமாக முறைகேடுகள் நடப்பதாக அவர் மேலிடத்துக்கு எழுதினார். மேலதிகாரி ஒருவர் தம்மிடம் தகாத முறையில் நடந்து கொண்டதாகவும் புகார் செய்தார். 2017-ம் வருஷம் டிசம்பரில் அவரை ஜபல்பூர் ஜில்லாவிலுள்ள ஸர்ஸாவா என்னும் கிளைக்கு மாற்றி உத்தரவு பிறந்தது. முதல் அந்தஸ்திலுள்ள, அதாவது அதிகாரிகளில் கடைசிப் படியிலுள்ள ஒருவர் வகிக்க வேண்டிய ஸ்தானம் அது. அவர் ஹைகோர்ட்டுக்குச் சென்றார். அங்கே தனி நீதிபதியிடமும், பின்னர் அப்பீல் பெஞ்சிலும் ஜயித்தார். பாங்கி விடவில்லை, சுப்ரீம் கோர்ட் வரையில் வழக்கை இழுத்தது. 2020-ம் வருஷம் பிப்ரவரி 25-ந் தேதியன்று சுப்ரீம் கோர்ட்டார் பாங்கியின் அப்பீலைத் தள்ளினார்கள். அப்பெண் அதிகாரி பழிவாங்கப்பட்டார் என்பதில் சந்தேகமில்லை என்றும், அவரை இந்தூர் கிளைக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்றும், 50,000 ரூபாய் செலவுத் தொகை கொடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார்கள். பாங்கியின் விசாரணைக் கமிட்டியில் வெளியாராக இருக்க வேண்டிய அங்கத்தினர், அதே பாங்கியின் வக்கீல் ஜாபிதாவில் இருந்தவர் என்பதையும் அவர்கள் கண்டித்தார்கள்.

தர்மம் வென்றது என்று இத்தீர்ப்பைக் கண்டு மகிழ்ச்சியடைவது நியாயமே. ஆனால் இதே வழக்கை ஒரு சிறிய ஊர்க் கிளையில் உட்கார்ந்திருக்கும் இருபத்தைந்து வயதுப் பெண் எப்படிப் படிப்பாள் என்று யோசிக்க வேண்டும். பிரதம மானேஜர் அந்தஸ்திலிருந்தவருக்கே நியாயம் கிடைக்க இரண்டு வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. அவரும் டில்லி வரையில் போக நேர்ந்தது. அவரை எதிர்த்து வழக்காடியது தனி மனிதர் அல்ல, சர்க்காருக்குச் சொந்தமான ஒரு பாங்கி. ‘எனக்கு யார் துணை?’ என்று அவள் கேட்டால் அதற்குத் தீர்ப்பில் விடை இல்லை.

சர்க்கார் பாங்கிகளில் மாற்றல் என்பது மிகவும் கூர்மையான ஆயுதம். அதிகாரிகள் தேசத்தின் எந்தக் கோடிக்கும் போகக் கடமைப்பட்டவர்கள். மாற்றல் உத்தரவுக்கு ‘நிர்வாக சௌகரியம்’ என்ற இரண்டு வார்த்தைகளே போதுமான காரணம். கைக்குழந்தை உள்ளவளுக்கும், வயோதிகப் பெற்றோரைப் பராமரிப்பவளுக்கும் மாற்றல் என்பது ராஜிநாமாவுக்குச் சமானம். வருஷாந்தர மதிப்பீட்டில் மார்க்குப் போடுபவரும், லீவு கொடுப்பவரும், பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்பவரும், மாற்றல் ஜாபிதாவைத் தயாரிப்பவரும் பெரும்பாலும் ஒரே வழியிலுள்ள மேலதிகாரிகளே. அந்த வழியிலுள்ள ஒருவர் மீது புகார் செய்வதென்றால், மற்ற எல்லாரையும் பகைத்துக் கொள்வதாகவே அவளுக்குத் தோன்றுகிறது.

தனியார் ஸ்தாபனங்களின் நிலைமை வேறு, அபாயம் ஒன்றே. அங்கே சம்பளத்தின் பெரும்பகுதி போனஸாக வருகிறது. யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவர் இலாகாத் தலைவர். எந்தப் பெரிய வாடிக்கைக்காரரின் கணக்கு யார் கைக்குப் போவது என்பதும் அவர் சொற்படியே. கணக்கு கைவிட்டுப் போனால் வருமானம் போயிற்று. வருமானம் குறைந்தவள் ‘திறமையில்லாதவள்’ என்று அடுத்த வருஷம் வெளியேற்றப்படலாம். அதை யாரும் பழிவாங்குதல் என்று நிரூபிக்க முடியாது. மேலும், குற்றம் சாட்டப்படுபவர் ஸ்தாபனத்துக்குப் பெருத்த லாபம் சம்பாதித்துக் கொடுப்பவராக இருந்துவிட்டாலோ கேட்க வேண்டியதேயில்லை. அவருடைய நடத்தைக்கு நஷ்ட ஈடாக அவர் கொண்டு வரும் லாபம் எடுத்துக் காட்டப்படும். பணத்தையே சரக்காக வைத்து வியாபாரம் செய்யும் இடத்தில் மனிதரின் தகுதியும் பணத்தாலேயே அளக்கப்படுவது ஆச்சரியமல்ல, அபாயகரமானது.

தீங்கு செய்பவர் உடனுத்தியோகஸ்தராகத்தான் இருக்க வேண்டுமென்பதும் இல்லை. பெரிய டெபாஸிட்காரர் ஒருவர், அல்லது கிளையின் இலக்கைப் பூர்த்தி செய்யப் போகும் கடன் மனுதாரர் ஒருவர், எல்லை மீறிப் பேசினால், ‘கொஞ்சம் அனுசரித்துப் போ, அம்மா’ என்பதே மானேஜரின் புத்திமதியாக இருக்கிறது. வேலை ஸ்தலத்துக்கு வந்து போகும் வெளியாரிடமிருந்தும் பெண்களைக் காப்பது முதலாளியின் கடமை என்று 2013-ம் வருஷச் சட்டம் கூறுகிறது. அந்தப் பிரிவைக் காட்டி வாதாடும் பெண்ணுக்கு, மாதக் கடைசியில் இலக்கு எட்டவில்லை என்ற பழியும் வந்து சேருகிறது. கிராமங்களுக்குச் சென்று தவணை வசூலிக்கும் பெண்களின் கதி இன்னும் பரிதாபமானது. அவர்களுடைய வேலை ஸ்தலம் வீதிகளும் பிறர் வீட்டுத் திண்ணைகளுமே. உத்தியோக சம்பந்தமாகப் போகும் இடமெல்லாம் வேலை ஸ்தலமே என்று சட்டம் சொல்வதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுவோர் சிலரே.

இந்த வியாதி நமது தேசத்துக்கு மட்டும் உரியதன்று. நியூயார்க்கில் பங்கு வியாபாரத்தில் பெயர் பெற்றிருந்த ஸ்மித் பார்னி கம்பெனியின் மீது 1996-ம் வருஷத்தில் பெண் ஊழியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். கார்டன் ஸிடி கிளையின் நிலவறையில் ஆண் தரகர்கள் கேளிக்கைக்கென்று ஒரு அறையை அமைத்திருந்த விஷயம் அதில் வெளியாயிற்று. வழக்குத் தொடங்கியபோது பெயர் கொடுத்தவர்கள் மிகச் சிலரே. சமரசம் ஏற்பட்டு, பாதிக்கப்பட்டவர்கள் மனுச் செய்யலாம் என்று அறிவிக்கப்பட்ட பின்னர் ஏறத்தாழ இரண்டாயிரம் பெண்கள் முன்வந்தார்கள். சிலர் பேசியதால் பலர் பேசினார்கள். அதுவரையில் அவர்கள் மௌனமாக இருந்ததற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பங்குத் தரகராகப் பதிவு செய்துகொள்ளும்போதே, உத்தியோகத் தகராறுகளைக் கோர்ட்டுக்குக் கொண்டு போகாமல் மத்தியஸ்தர்களிடமே விடுவதாகக் கையெழுத்திட வேண்டியிருந்தது. மத்தியஸ்தம் என்பது மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பது. அங்கே சொல்வது வெளியே கேளாது. இந்தக் கட்டாயம் 1999-ல் ஓரளவு தளர்த்தப்பட்டது. ஆயினும் கம்பெனிகள் தனி ஒப்பந்தங்களின் மூலம் அதைத் தொடர்ந்து வந்தன. மானபங்கப் புகார்களில் இத்தகைய கட்டாய மத்தியஸ்தம் செல்லாது என்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் செய்து, ஜனாதிபதி பைடன் அதில் கையெழுத்திட்டது 2022-ம் வருஷம் மார்ச்சு 3-ந் தேதியன்றுதான்.

லண்டனில் பணத்தொழிலின் கேந்திரமான ‘ஸிடி’யின் நிலைமை குறித்துப் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையின் பொக்கிஷக் கமிட்டி விசாரணை செய்து 2024-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அறிக்கை வெளியிட்டது. 2018-ல் அக்கமிட்டி இதே துறையைப் பற்றி ஆராய்ந்திருந்தது. நடுவிலுள்ள ஆறு வருஷங்களில் எதிர்பார்த்த முன்னேற்றம் ஏற்படவில்லை என்பதே அதன் முடிவு. புகார்கள் கையாளப்படும் முறையைக் கண்டித்ததுடன், பணத்தைக் கொடுத்து வாயை அடைக்கும் ரகசிய ஒப்பந்தங்களை இத்தகைய வழக்குகளில் தடுக்க வேண்டும் என்றும் அக்கமிட்டி சிபார்சு செய்தது. நம்மை இருநூறு வருஷம் ஆண்டு, நாகரிகத்தைப் போதிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டவர்களின் தலைநகரிலேயே நிலைமை இவ்வாறு இருப்பதைக் கண்டு நாம் திருப்தியடைந்து விடக்கூடாது. அவர்களுடைய பார்லிமெண்டு பெண்களை அழைத்து, வாக்குமூலம் வாங்கி, பணத்தொழிலின் பெரியவர்களைக் கேள்வி கேட்டது. நமது பார்லிமெண்டும் அதைச் செய்யலாமே!

நமது சட்டத்தின் அமைப்பைச் சிறிது பார்ப்போம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் உட்கமிட்டி ஒன்று இருக்க வேண்டும். அதன் தலைவர் உயர்ந்த பதவியிலுள்ள ஒரு ஸ்திரீ, அங்கத்தினர்களில் பாதிப் பேருக்குக் குறையாமல் ஸ்திரீகள், வெளியாரில் ஒருவர். தொண்ணூறு நாளில் விசாரணை முடிய வேண்டும். சிவில் கோர்ட்டுக்குரிய சில அதிகாரங்களும் கமிட்டிக்கு உண்டு. ஏட்டளவில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் கமிட்டியை நியமிப்பவர் முதலாளி. வெளி அங்கத்தினருக்குச் சன்மானம் கொடுப்பவரும் முதலாளி. தலைவியும் அதே ஸ்தாபனத்தில் அடுத்த பதவி உயர்வை எதிர்பார்த்திருப்பவரே. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். பலர் அவ்விதம் இருக்கிறார்கள் என்பதையும் நாம் சொல்லவேண்டும். ஆனால் நியாயம் வழங்கும் இடம் பாரபட்சமற்றதாக இருந்தால் மட்டும் போதாது. பாரபட்சமற்றது என்ற நம்பிக்கையும் வாதிக்கு இருக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம், காலக்கெடு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் கமிட்டி இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பேயறைந்தது போன்ற நிலையிலிருந்து மனம் தெளிவதற்கே சிலருக்கு அத்தனை காலம் ஆகிறது. வருஷாந்தர மதிப்பீடு முடியட்டும், பதவி உயர்வுப் பேட்டி முடியட்டும் என்று காத்திருப்பவளுக்குக் கெடு தாண்டிவிடுகிறது. மூன்றாவது, பொய்ப் புகாருக்குத் தண்டனை என்ற பிரிவு. வேண்டுமென்றே தீய எண்ணத்துடன் பொய் சொன்னதாக ருசுவானால்தான் அது செல்லும் என்றும், நிரூபிக்க முடியாமற் போவது மட்டும் குற்றமாகாது என்றும் சட்டத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனால் காரியாலயங்களில் அப்பிரிவின் முதல் பாதியே வாய்க்கு வாய் பரவியிருக்கிறது. பின்பாதியைப் பலர் கேட்டதேயில்லை. இம்மாதிரிக் குற்றங்கள் சாட்சி வைத்துக்கொண்டு செய்யப்படுவதில்லை. ஆதலால் ‘நிரூபிக்க முடியாவிட்டால் என்னையே தண்டிப்பார்களோ?’ என்ற பயம் எழுவது இயற்கையே.

காரியாலயத்தில் உள்ள பயங்கள் போதாவென்று வீட்டிலும் ஒரு பயம் காத்திருக்கிறது. விஷயம் தெரிந்தால் ‘வேலையை விட்டுவிடு’ என்பதே பல குடும்பங்களில் முதலில் வரும் வார்த்தை. குற்றம் செய்தவன் நாற்காலியில் இருக்க, துன்பப்பட்டவள் வீட்டிற்குத் திரும்ப வேண்டும் என்பது என்ன நியாயம்? பெற்றோரும் கணவன்மாரும் இதை அன்பினாலேயே சொல்லலாம். ஆனால் அந்த அன்பே அவள் நாவைக் கட்டி விடுகிறது. கடன் வாங்கிப் படித்து, பரீட்சை எழுதி, பெற்ற உத்தியோகத்தை இழக்க மனமில்லாதவள் வீட்டிலும் சொல்லாமல் இருந்து விடுகிறாள். இந்த விஷயத்தில் குற்றம் பாங்கிகளுடையது மட்டுமல்ல. நம் எல்லோருடையதும் ஆகும்.

எதிர்க் கட்சியாரின் வாதத்தையும் கவனிக்க வேண்டும். புகார் செய்தவரைப் பாதுகாக்கப் புகுந்தால், ஆண் உத்தியோகஸ்தர்களின் மானத்துக்கு யார் ஜவாப்தாரி என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புகாரின் நகல் கொடுக்க வேண்டும், அவர் தரப்பைச் சொல்ல அவகாசம் அளிக்க வேண்டும், இரு தரப்பாரின் பெயரும் வெளியாகக் கூடாது என்றெல்லாம் ஏற்பாடு இருக்கிறது. அதற்குக் குறைவு ஏற்பட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. சுயேச்சையான கமிட்டி நிரபராதிக்கும் பாதுகாப்பே. முதலாளியின் கைப்பிடியிலுள்ள கமிட்டி, இன்று ஒருவரைக் காப்பாற்றுவது போல் நாளை வேண்டாத ஒருவரைக் கவிழ்ப்பதற்கும் உதவும். புகார்கள் பெருகினால் முதலாளிகள் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவார்கள் என்பது மற்றொரு வாதம். திருட்டுப் போவதைப் புகார் செய்தால் போலீஸார் ஊருக்குள் வரமாட்டார்கள் என்று சொல்வதைப் போலிருக்கிறது இது.

புகார் எண்ணிக்கை விஷயத்திலும் ஒரு மயக்கம் இருந்து வருகிறது. பங்கு மார்க்கெட்டில் பதிவான முதல் ஆயிரம் கம்பெனிகள், 2022-23 முதல், தங்களுக்கு வந்த இத்தகைய புகார்களின் தொகையை வெளியிட வேண்டுமென்று ‘ஸெபி’ விதித்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் ‘புகார் இல்லை’ என்று எழுதும் கம்பெனி தன்னை உத்தம ஸ்தாபனமாகப் பாவித்துக் கொள்கிறது. ‘மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை’ என்று பேசுகிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஒரு புகார்கூட வரவில்லையென்றால், குற்றமே நடக்கவில்லை என்றும் கொள்ளலாம். சொல்லத் துணிந்தவர் ஒருவருமில்லை என்றும் கொள்ளலாம். எது உண்மை என்று விசாரியாமல் பூஜ்யத்தைப் புகழ்வது பேதைமை.

பண விஷயத்தில் இதே பாங்கிகள் எப்படி நடந்து கொள்கின்றன? பெட்டகத்தின் சாவியை ஒருவரிடமே ஒப்படைப்பதில்லை. இருவர் சேர்ந்தால்தான் திறக்க முடியும். திடீர்த் தணிக்கை நடத்துகிறார்கள். முக்கியப் பொறுப்புகளிலுள்ள உத்தியோகஸ்தர்களை வருஷத்துக்கு ஒரு தடவை, முன்னறிவிப்பில்லாமல், பத்து வேலை நாட்களுக்குக் குறையாமல் கட்டாய லீவில் அனுப்ப வேண்டுமென்று ரிஸர்வ் பாங்கியின் விதி இருக்கிறது. அவர் இல்லாதபோது மறைவிலுள்ளவை வெளிப்படட்டும் என்பதே அதன் நோக்கம். யாரும் புகார் செய்யட்டும் என்று அங்கே காத்திருப்பதில்லை. எல்லோரும் யோக்கியர்களே என்று நம்பிக்கொண்டு, பணம் பறிபோனவர் எழுதிக் கொடுத்தால் பார்ப்போம் என்று எந்த பாங்கியும் சும்மா இருப்பதில்லை. ரூபாய்க்கு இவ்வளவு காவல் போடத் தெரிந்தவர்களுக்கு, அந்த ரூபாயை எண்ணும் பெண்ணின் மானத்துக்குக் காவல் போடத் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. வெளி அங்கத்தினரை அந்தந்த ஸ்தாபனமே பொறுக்கிக் கொள்வதை நிறுத்தி, பொதுவான ஒரு ஜாபிதாவிலிருந்து நியமிக்க வேண்டும். ஸ்தாபனத்துடன் வேறு எவ்விதமான பணச் சம்பந்தமும் உள்ளவர் அதில் இடம்பெறக் கூடாது. புகார் செய்த பெண்ணை, அவளே எழுதிக் கேட்டாலன்றி, விசாரணைக் காலத்திலும் அதற்குப் பின் இரண்டு வருஷத்துக்கும் கமிட்டியின் சம்மதமில்லாமல் மாற்றலாகாது. அவளுடைய வருஷாந்தர மதிப்பீட்டைக் குற்றம் சாட்டப்பட்டவரோ அவருக்கு வேண்டியவரோ எழுதக் கூடாது. புகார்களின் தொகையோடு, புகார் செய்தவர்களில் எத்தனை பேர் ஒரு வருஷத்துக்குப் பின்னும் அதே ஸ்தாபனத்தில், அதே அந்தஸ்தில் இருக்கிறார்கள் என்ற கணக்கையும் பெயரில்லாமல் வெளியிட வேண்டும். அந்த ஒரு கணக்கு மற்றெல்லா அறிக்கைகளையும்விட அதிக உண்மையைச் சொல்லும்.

ரிஸர்வ் பாங்கிக்கும் இதில் பொறுப்பு உண்டு. பிரிட்டனிலுள்ள பணத்தொழில் மேற்பார்வை ஸ்தாபனம், உடனுத்தியோகஸ்தர்களைத் துன்புறுத்துவதும் ஒருவருடைய தகுதியைப் பாதிக்கும் குற்றமே என்னும் விதியைப் பாங்கிகளல்லாத கம்பெனிகளுக்கும் விஸ்தரிப்பதாக 2025-ம் வருஷம் ஜூலையில் அறிவித்தது. 2026 செப்டம்பர் 1-ந் தேதி அதற்கு நாளாகக் குறிக்கப்பட்டது. பிறர் பணத்தைக் கையாளுபவனுக்கு நாணயம் வேண்டுமென்பது பழைய விதி. தன்கீழ் வேலை செய்யும் பெண்ணிடம் நாணயமாக நடக்காதவனுடைய நாணயம் அரை நாணயமே. டைரக்டர்களையும் பிரதம நிர்வாகிகளையும் நியமிக்கும்போது தகுதி பார்க்கும் ரிஸர்வ் பாங்கி, இதையும் தகுதியின் ஓர் அம்சமாகச் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

பத்துப் பேருக்குக் குறைந்த சிறு காரியாலயங்களில் வேலை செய்யும் பெண்களுக்கு ஜில்லாவிலுள்ள உள்ளூர்க் கமிட்டியே புகலிடம். முதலாளி மீதே புகார் என்றாலும் அங்கேதான் போக வேண்டும். சட்டம் அமலுக்கு வந்து ஒன்பது வருஷங்களுக்கு மேலாகியும் அதில் பெருங்குறைகள் இருப்பதைக் கண்டு 2023 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டார் வருந்தினார்கள். 2024 டிசம்பரில், ஒவ்வொரு ஜில்லாவிலும் பொறுப்பு அதிகாரியை நியமித்து, 2025 ஜனவரி 31-ந் தேதிக்குள் உள்ளூர்க் கமிட்டிகளை அமைக்கும்படி கெடு விதித்தார்கள். சர்க்கார்கள் தாமாகச் செய்ய வேண்டியதைக் கோர்ட்டார் தேதி குறித்துச் செய்யச் சொல்லும்படி ஆயிற்று. நமது மாகாணத்தில் சிட்டு பண்டு, நகைக்கடன், சிறுகடன் காரியாலயங்கள் இல்லாத கடைவீதி இல்லை. அங்கெல்லாம் கணக்கெழுதும் பெண்கள் எத்தனை பேருக்குத் தங்கள் ஜில்லாக் கமிட்டி எங்கே கூடுகிறது என்று தெரியும்? காரியாலய வாசலில் தமிழில் ஒரு விளம்பரப் பலகை வைப்பதற்கு அதிகப் பணம் வேண்டியதில்லை, மனம்தான் வேண்டும்.

1969-ம் வருஷம் ஜூலை 19-ந் தேதி பதினான்கு பெரிய பாங்கிகள் தேசத்தின் உடைமையாக்கப்பட்டன. ஏழைக்கும் குடியானவனுக்கும் பாங்கியின் கதவு திறக்க வேண்டும் என்பது அன்று கூறப்பட்ட லட்சியம். தேசத்தின் சொத்தாகிய அந்த ஸ்தாபனங்களில் வேலை செய்யும் பெண்கள் பிரஜைகளுக்குரிய மரியாதையோடு நடத்தப்பட வேண்டுமென்று கேட்பது சலுகையன்று. சமத்துவத்தையும், கண்ணியமாக வாழும் உரிமையையும், விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமையையும் அரசியல் சட்டம் ஆண்களுக்கு மட்டும் வழங்கவில்லை. பேசினால் நஷ்டம், பேசாதிருந்தால் க்ஷேமம் என்ற நிலைமையை வைத்துக்கொண்டு, பெண்களைப் பார்த்துத் தைரியமாகப் பேசுங்கள் என்று உபதேசம் செய்வதில் பயனில்லை. முதலில் கணக்கு மாறட்டும். புகார் செய்தவளுக்கு நஷ்டம் இல்லை, அதை மறைத்தவருக்கே நஷ்டம் என்பதை ரிஸர்வ் பாங்கியும், சர்க்காரும், பார்லிமெண்டும் செய்கையில் காட்டட்டும். அதன்பின் தைரியத்தைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியிராது.